வெள்ளிப் பூச்சும் கழுவிய கையும்

சென்ற மாதம் போயா தினத்தன்று காலை பலாபத்வலச் சந்தியில் மாத்தளை செல்லும் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றிருந்தோம். முன்னொரு காலத்தில் எம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர் எம்மைக் கண்டதும் துவிச்சக்கர வண்டியை நிறுத்தி இறங்கினார். அவர் முகத்தில் களை இல்லை. குசலம் விசாரித்து முடியுமுன்பே கைத்தொலைபேசியை எடுத்து ஒரு விளம்பரத்தைக் காட்டினார்.

"சேர், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளி பூசிய சிறுநீர்க் குழாயாம். இதிலே கிருமி ஒட்டவே ஒட்டாதாம். அப்பாவுக்கு இதைப் போட்டால் நல்லதா?"

அவருடைய தந்தையாரை நாம் அறிவோம். எண்பதை எட்டிக்கொண்டிருக்கும் பெரியவர். மழைநாள் ஒன்றில் தமது மிளகுத் தோட்டத்திற் சறுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை செய்து, உள்ளே உலோகத் தகடு வைத்து முறிவைப் பொருத்தினார்கள். அவர் வீடு திரும்பியபோது, சலப்பையிலிருந்து சிறுநீரை வெளியே கொண்டுவரும் குழாயொன்றும் அவருடன் வந்தது. இரண்டு மாதங்கள் சென்றன. குழாய் இன்னும் இருக்கிறது. இடையில் இருமுறை நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டது. இரண்டுக்கும் காரணம் சிறுநீரிற் கலந்த கிருமி என்றே தெரியவந்தது. மூன்றாவது முறையும் வந்து, கிருமி இரத்தத்திற் கலந்து, இடுப்பிலுள்ள தகட்டைப் போய்ப் பற்றிவிட்டால் என்ன செய்வது? மகனுடைய கவலை அதுதான்.

"மனைவியின் காப்பை அடகு வைத்தாவது வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன், சேர்" என்றார்.

பஸ் வந்துவிட்டது. காப்பு ஒரு கிழமை கையிலேயே இருக்கட்டும் என்று அவருக்குச் சொல்லிவிட்டு ஏறினோம். நாம் வைத்தியர் அல்லோம். விஞ்ஞானம் படித்தவர், அதைப் படிப்பிப்பவர். அந்த அளவில் நின்றுகொண்டு, இப்பூச்சுகளைப் பற்றி ஒரு கிழமையாகத் தேடிப் படித்தோம். அவருக்குச் சொன்னவற்றை இங்கேயும் சொல்லுகிறோம். இன்று எத்தனையோ வீடுகளில், முதியோரின் உடலினுள்ளே ஏதோவொரு குழாயோ, தகடோ, செயற்கை மூட்டோ இருக்கிறது. ஆகவே இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமன்று.

கிருமி கட்டும் வீடு

கிணற்று நீரை நிரப்பிப் பல நாள் கழுவாது விட்ட வாளியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக ஏதோ தட்டுப்படும். காலையிற் பல் துலக்குமுன் நாவினாற் பற்களைத் தடவினாலும் அத்தகைய படையொன்று தெரியும். வெறும் அழுக்கென்று நாம் கருதும் அது உண்மையில் ஓர் ஊர். கோடிக்கணக்கான பற்றீரியங்கள் ஒரு பரப்பைப் பற்றிப் பிடித்து, தம்மைச் சுற்றிப் பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதற்குள்ளே கூடி வாழ்கின்றன. இதனை உயிர்ப்படலம் என்பர்.

நீரிலோ இரத்தத்திலோ தனித்து நீந்தித் திரியும் கிருமியை உடலின் வெண்குருதிக் கலங்கள் பிடித்து விழுங்கிவிடும். மருந்தும் எளிதிற் கொன்றுவிடும். படலத்தினுள்ளே குடிபுகுந்த கிருமியோ கோட்டைக்குள் இருக்கும் பகைவனைப் போன்றது. மருந்து பசையைத் துளைத்து உள்ளே செல்வது கடினம். உள்ளே ஆழத்திலிருக்கும் கிருமிகள் அரைத்தூக்கத்தில் இருப்பவைபோல மெதுவாக வாழ்வதால், வளரும் கிருமியைத் தாக்கும் மருந்துகளுக்கு அவை எளிதில் இரையாவதில்லை. காய்ச்சல் மருந்தினால் தணிந்து, மருந்து நின்றதும் மீண்டும் எழுவதன் மர்மம் இதுதான். உள்ளே பதித்த உலோகத்தைக் கிருமி பற்றிக்கொண்டுவிட்டால், பல வேளைகளில் அதைக் கழற்றி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தோனி கிறிஸ்தினா என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1987 ஆம் ஆண்டில் இதனை ஒரு பந்தயமாக வருணித்தார். உடலினுள் ஓர் அந்நியப் பொருளை வைத்த கணத்திலிருந்தே அதன் மேற்பரப்பைப் பிடிக்க இருவர் ஓடுகின்றனர்: ஒருவர் உடலின் சொந்தக் கலங்கள், மற்றவர் கிருமிகள். உடலின் கலங்கள் முந்திப் பரவிவிட்டால் கிருமிக்கு இடமில்லை. கிருமி முந்திவிட்டால் உடலின் கலங்களுக்கு இடமில்லை. வாசகர்கள் இந்தப் பந்தயத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் ஒரு துன்பக் கதையின் திறவுகோல் இதில் இருக்கிறது.

சிறுநீர்க் குழாயின் செய்தி இன்னும் கடுமையானது. எலும்பில் வைத்த தகட்டின்மேல் தசையும் தோலும் மூடி நிற்கின்றன. சிறுநீர்க் குழாயோ வெளியுலகுக்கும் உள்ளுறுப்புக்கும் இடையே திறந்து கிடக்கும் பாதை. அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேர் வரை புதிதாகச் சிறுநீரிற் கிருமி கொள்கின்றனர் என்பது மருத்துவ உலகம் நெடுநாள் அறிந்த கணக்கு. ஒரு மாதமானால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி காணப்படும். எல்லோருக்கும் அது நோயாவதில்லை. ஆயினும் நோயாகும் வாய்ப்பு நாள்தோறும் காத்து நிற்கிறது.

அரக்கு வேலையும் அணு வேலையும்

வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோலக் குழாய்க்கும் ஏதேனும் பூசிக் கிருமியைத் தடுத்தாலென்ன என்று எண்ணியவர்கள் பலர். பூச்சு என்னும் கலை எம் மாவட்டத்தாருக்குப் புதிதன்று. மாத்தளை மாவட்டத்துப் பல்லேஹபுவித என்னும் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக அரக்கு வேலை செய்பவர்கள். நிறமூட்டிய அரக்கை வெப்பத்தில் இளக்கி, நூலாக இழுத்து, மரத்தின்மேல் வைத்து, பெருவிரல் நகத்தாற் கிள்ளிக் கிள்ளிக் கோலமிடுவார்கள். இலங்கையின் கனிய ஆய்வுக்குத் தலைவராக இருந்தவரும் பின்னர் கலை ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவருமான ஆனந்த குமாரசுவாமி, 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இத்தொழிலையும் எழுதி வைத்தார். அரக்குப் பூச்சு மரத்துக்கு அழகு தருகிறது. அத்துடன் ஈரத்திலிருந்து அதைக் காக்கவும் செய்கிறது. மரம் மரமாகவே இருக்க, அதன் முகம் மட்டும் மாறிவிடுகிறது.

மருத்துவக் கருவிகளின் மென்படலமும் அதே தத்துவந்தான். குழாய் நெகிழ்வாக இருக்க வேண்டும். மூட்டு வலுவாக இருக்க வேண்டும். அந்தக் குணங்களைக் கெடுக்காமல் மேற்பரப்பின் குணத்தை மட்டும் மாற்ற வேண்டும். ஆகவே படலம் மிக மெல்லியதாக அமைய வேண்டும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாகப் பிரித்தால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். இத்தகைய படலங்கள் பல, சில பத்து நனோமீற்றரிலிருந்து சில ஆயிரம் நனோமீற்றர் வரை தடிப்புள்ளவை. எம் தலைமயிரொன்றின் தடிப்பு ஏறத்தாழ எண்பதாயிரம் நனோமீற்றர் என்றால் மாணவர்கள் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

இவற்றைப் பூசும் முறைகள் பல. எளியது தோய்த்தல்: மருந்து கலந்த பசைக் கரைசலிற் குழாயைத் தோய்த்து உலர்த்துவது. மற்றொன்று தெறித்தல் முறை. காற்றை அகற்றிய ஓர் அறையினுள் வெள்ளித் தகட்டையும் பூச வேண்டிய பொருளையும் வைப்பார்கள். சிறிதளவு ஆகன் வாயுவைச் செலுத்தி மின்னூட்டினால், ஆகன் அயன்கள் வெள்ளித் தகட்டின்மேல் ஆலங்கட்டி மழைபோல மோதும். மோதலிற் பெயர்ந்த வெள்ளி அணுக்கள் பறந்து சென்று எதிரிலுள்ள பொருளின்மேற் படியும். பல்லேஹபுவிதக் கலைஞரின் நகம் செய்யும் வேலையை இங்கே அணுக்களின் மோதல் செய்கிறது.

வெள்ளியைத் தேர்ந்தது ஏன்?

செப்புக் குடத்தில் வைத்த நீர் நல்லதென்று எங்கள் பாட்டிமார் சொன்னார்கள். அதனைச் சோதித்துப் பார்த்த பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் 2012 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வயிற்றோட்டம் விளைக்கும் பற்றீரியங்களை நீரிற் கலந்து செப்புக் குடத்தில் 16 மணித்தியாலம் வைத்திருந்தபோது, பின்னர் அந்நீரில் அவற்றை வளர்த்தெடுக்க முடியவில்லை. செம்பிலிருந்து மிகச் சிறிதளவு அயன்கள் நீரிற் கரைந்து இதனைச் செய்கின்றன.

வெள்ளியின் புகழும் பழையது. 1880 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் லைப்சிக் நகரிற் கார்ல் கிறேடே என்ற மகப்பேற்று மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை ஒரு துளி இடத் தொடங்கினார். பிறக்கும்போது தொற்றிய கிருமியாற் கண்ணொளி இழக்கும் குழந்தைகள் அக்காலத்தில் மிகப் பலர். அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்து என்றிருந்த அக்கண்ணோய் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. பின்னாளில் வேறு மருந்துகள் அவ்விடத்தைப் பிடித்தன என்றாலும், ஒரு துளி வெள்ளி காத்த கண்கள் எண்ணிலடங்கா.

வெள்ளி அயன் கிருமியின் புரதங்களிலுள்ள கந்தகப் பகுதிகளைப் பற்றிக்கொள்ளும். அதனாற் கிருமியின் சுவாசம் தடைப்படும். அதன் மேலுறை பழுதாகும். ஒரே வேளையிற் பல இடங்களில் தாக்குவதால், இதனை எதிர்த்து நிற்கப் பழகுவது கிருமிக்கு எளிதன்று. ஆயினும் இயலாத காரியமும் அன்று. வெள்ளியை எதிர்க்கும் கிருமிகள் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் படித்தபோது, மகன் காப்பை அடகு வைக்கலாமென்றே எமக்கும் தோன்றிற்று. ஆனால் மேலும் படித்தோம்.

காவலன் தோழனையும் தடுத்த கதை

இதயத்தின் வால்வு பழுதானவர்களுக்குச் செயற்கை வால்வு பொருத்துவதை வாசகர்கள் அறிவார்கள். எமது அயலகமான திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில், மருத்துவர் வலியத்தான் தலைமையிற் பல ஆண்டுகள் முயன்று, தோற்று, மீண்டும் முயன்று உருவாக்கிய வால்வு 1990 டிசம்பர் 6 ஆம் நாள் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இன்று அதைக் கொண்டு வாழ்ந்தவர்களும் வாழ்பவர்களும் இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவ்வால்வைச் சுற்றிப் பொலியெஸ்தர்த் துணியால் ஆன வளையம் ஒன்று உண்டு. சத்திரசிகிச்சை நிபுணர் ஊசி நூல்கொண்டு வால்வை இதயத்தோடு தைப்பது இவ்வளையத்தின் வழியாகத்தான். இத்தகைய வளையம் ஏனைய செயற்கை வால்வுகளிலும் உண்டு. கிருமி பற்றிக்கொள்ளக்கூடிய இடமும் அதுவே. அங்கே பற்றிய கிருமி உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஆகவே அமெரிக்காவின் சென் ஜூட் என்ற கம்பனி தனது வால்வின் துணி வளையத்துக்கு வெள்ளிப் படலம் பூசியது. 1997 ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. நல்ல யோசனை என்றே பலரும் கருதினர். உலகெங்கும் ஏறத்தாழ 36,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. வெள்ளி உண்மையிலேயே கிருமியைக் குறைக்கிறதா என்று அறிய, வெள்ளி பூசியதையும் பூசாததையும் ஒப்பிடும் பெரிய பரிசோதனையொன்று 1998 இல் தொடங்கிற்று. 4,400 பேரைச் சேர்க்க எண்ணியிருந்தார்கள். 807 பேர் சேர்ந்த நிலையில், 2000 ஜனவரியில் அது நிறுத்தப்பட்டது. வெள்ளி பூசிய வால்வு பெற்றவர்களிடையே, வால்வின் ஓரத்தால் இரத்தம் கசிவது கூடுதலாகக் காணப்பட்டது. சிலருக்கு மார்பை மீண்டும் திறந்து வால்வை மாற்ற நேர்ந்தது. கம்பனி அவ்வால்வைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது.

நேர்ந்தது என்ன? முன்னே சொன்ன பந்தயத்தை நினைவு கூருங்கள். துணி வளையத்தின் இழைகளுக்குள்ளே உடலின் கலங்கள் ஊடுருவி வளர்ந்து வால்வை இதயத்தோடு ஒன்றாக்க வேண்டும். கிருமியை விலக்க வைத்த வெள்ளி, அந்தக் கலங்களையும் தயங்கச் செய்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதினர். வாயிற்காவலன் கள்வனை மட்டுமன்றி வீட்டு உறவினரையும் உள்ளே விடாது நிறுத்தியதுபோல. இது நீதிமன்றத்திலும் நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. கனடாவின் ஒன்ராறியோ மாகாண நீதிமன்றம் 2012 இல் கம்பனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து வழக்கைத் தள்ளியது என்பதையும் நியாயத்தின் பொருட்டுச் சொல்ல வேண்டும். குற்றம் யாருடையதாயினும் ஆகுக. ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் கிண்ணத்திற் கிருமியைக் கொல்வது ஒன்று, மனித உடலில் நன்மை செய்வது வேறொன்று என்னும் பாடம் உலகத்துக்குக் கிடைத்தது.

எங்கே பலன், எங்கே இல்லை?

இதனால் வெள்ளியையே வெறுத்துவிடலாகாது. ஜேர்மனியின் மூன்ஸ்ரர் நகர மருத்துவர்கள், எலும்பிற் புற்றுநோய் கண்டு பெரும்பகுதி எலும்பை அகற்றியவர்களுக்கு வைக்கும் நீண்ட உலோக உறுப்புக்கு வெள்ளி பூசினர். 2010 இல் வெளியான அவர்களுடைய ஒப்பீட்டில், பூசாத உறுப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 17.6 பேரும், பூசியது பெற்றவர்களில் 5.9 பேரும் தொற்றுக்கு உள்ளாயினர். ஒப்பிட்ட தொகை 125 பேரே எனினும் வேறுபாடு சிறிதன்று. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எலும்பினுள்ளே புகுந்து எலும்போடு இணைய வேண்டிய தண்டுப் பகுதிக்கு அவர்கள் வெள்ளி பூசுவதில்லை. கலங்கள் ஒட்ட வேண்டிய இடம் வெறுமையாக, ஒட்டத் தேவையற்ற இடத்தில் மட்டும் பூச்சு. காவலனை எந்த வாயிலில் நிறுத்துவதென்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி, இளைஞர் கேட்ட சிறுநீர்க் குழாய்க்கு வருவோம். பிரித்தானியாவில் 24 மருத்துவமனைகளில், குறுகிய காலம் குழாய் வைக்கப்பட்ட ஏறத்தாழ 7,000 பேரை மூன்று குழுவாக்கிச் சோதித்து, 2012 இல் முடிவை வெளியிட்டனர். சாதாரணக் குழாய் பெற்றவர்களில் நூற்றுக்கு 12.6 பேருக்குச் சிறுநீர்த் தொற்று நோய் கண்டது. வெள்ளி பூசிய குழாய் பெற்றவர்களில் 12.5 பேருக்குக் கண்டது. கிருமிகொல்லி மருந்தொன்று ஊட்டிய மூன்றாவது வகைக் குழாய் 10.6 என்று சற்றே குறைத்தது. ஆனால் அது கூடுதலான எரிச்சலும் தந்தது. பன்னிரண்டரைக்கும் பன்னிரண்டு புள்ளி ஆறுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு ஒரு குடும்பம் காப்பை அடகு வைப்பதா?

வெள்ளி ஏன் இங்கே தோற்றது? சிறுநீர் ஓயாது பாய்ந்து கொண்டிருக்கும் இடம் அது. உப்பும் புரதமும் படலத்தின்மேற் படிந்து அதை மூடிவிடுகின்றன. வெள்ளியின் வலிமையும் நாளடைவிற் குறைகிறது. கிருமியோ புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. பூச்சு எத்துணைச் சிறந்ததாயினும் சில நாட்களை வாங்கித் தரும். மாதங்களை வாங்கித் தராது.

தும்பியின் சிறகும் புல்மோட்டை மணலும்

நஞ்சு பூசாமலே கிருமியைத் தடுக்க வழியில்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். அழகான விடையொன்று பூச்சிகளிடம் உண்டு. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகர ஆராய்ச்சியாளர் 2012 இல் சில்வண்டின் சிறகை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 200 நனோமீற்றர் உயரமுள்ள நுண்ணிய தூண்கள் அதன்மேல் வரிசையாக நின்றன. அதிற் குந்திய ஒருவகைப் பற்றீரியத்தின் மேலுறை தூண்களுக்கிடையே இழுபட்டுக் கிழிந்து, சில நிமிடங்களில் அது மடிந்தது. மருந்தொன்றும் இல்லை, வடிவமே ஆயுதம். அடுத்த ஆண்டில் தும்பியின் சிறகிலும் அத்தகைய வல்லமை இருப்பதைக் கண்டனர். மழை ஓய்ந்த மாலையில் எம்மூர் வயல்வெளியிற் பறக்கும் தும்பிகளைப் பார்க்கும்போது, இத்தனை நுட்பத்தை அவை சிறகிற் சுமந்து திரிகின்றனவே என்று வியக்காமல் இருக்க முடிவதில்லை. அத்தூண்களைப் போன்ற அமைப்பைத் தைத்தானிய உலோகத்தின்மேல் உண்டாக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன.

தைத்தானியம் எமக்கு அந்நியமானதன்று. புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் இல்மனைற்று அதன் தாது. இவ்வுலோகத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்குக் காரணமும் ஒரு மென்படலமே. காற்றுப் பட்டவுடன் அதன்மேற் சில நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுப் படலம் தானாகவே தோன்றி, உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கிறது. அதே தைத்தானிய ஒட்சைட்டுத் துகள்கள் ஒளி பட்டபோது நுண்ணுயிர்களைக் கொல்வதை ஜப்பானிய விஞ்ஞானி மற்சுனாகாவும் அவர் துணைவர்களும் 1985 இற் காட்டினர். மணலை மணலாக விற்கும் நாட்டின் மாணவர்கள், அம்மணலுக்குள் இத்தனை விஞ்ஞானம் புதைந்திருப்பதை நினைவிற் கொள்வது நன்று.

பூச்சில்லாத மருந்து

இவ்வளவு நுட்பங்களுக்கும் நடுவே, நாம் படித்தவற்றுள் எம்மை மிகவும் கவர்ந்த செய்தி மிக எளியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெரிய இரத்தக்குழாயினுள் வைக்கும் குழாய்களால் நோயாளர்க்கு இரத்தத்தொற்று ஏற்பட்டு வந்தது. பீற்றர் புரொனோவொஸ்ற் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஐந்து கட்டளைகளை வகுத்தனர்: கையைக் கழுவு, குழாய் வைக்கும்போது நோயாளியை முழுவதும் தூய துணியால் மூடு, தோலைக் குளோரெக்சிடின் மருந்தாற் துடை, தொடைப் பக்கத்தைத் தவிர், தேவையற்ற குழாயை எடுத்துவிடு. நூற்றுக்கு மேற்பட்ட பிரிவுகள் இவற்றைக் கடைப்பிடித்தன. 2006 இல் வெளியான கணக்கின்படி, ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 தொற்று என்றிருந்த நடுத்தரப் பிரிவின் அளவு, மூன்று மாதத்தில் பூச்சியமாயிற்று. இந்த ஐந்தில் ஒன்றேனும் புதிய பூச்சைப் பற்றியதன்று.

ஒரு கிழமை சென்றபின் அந்த இளைஞரின் வீட்டுக்குச் சென்றோம். பெரியவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். குழாயிலிருந்து சிறுநீர் சேரும் பை, பக்கத்திலிருந்த மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. கீழே கிடந்தால் அழுக்குப்படும் என்று மருமகள் அன்போடு எடுத்து உயரத்தில் வைத்திருக்கிறார். பை சலப்பையைவிட உயர்ந்திருந்தால், தேங்கிய சிறுநீர் கிருமியோடு உள்ளே திரும்பிப் பாயும் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை போலும். பை எப்போதும் தாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் நிலத்தைத் தொடலாகாது. பையைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். குழாய் பையோடு இணையும் இடத்தை வீணாகக் கழற்றலாகாது. இவற்றைச் சொன்னோம்.

பிறகு, ஆசிரியருக்குள்ள பழக்கத்தால், ஒரு கேள்வி கேட்டோம். "இக்குழாய் இன்னும் எதற்காக இருக்கிறது?"

மகன் மருமகளைப் பார்த்தார். மருமகள் மகனைப் பார்த்தார். விழுந்த நாட்களில் எழும்ப முடியாதென்று வைத்தது. இப்போது பெரியவர் ஊன்றுகோலுடன் நாலடி நடக்கிறார். குழாயை எடுக்கலாமா என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. அது வீட்டுத் தளபாடத்தில் ஒன்றுபோல ஆகிவிட்டது. நாமாக அதைத் தொடவோ எடுக்கவோ கூடாது. அடுத்த கிளினிக் நாளில் இக்கேள்வியை அப்படியே வைத்தியரிடம் கேளுங்கள் என்று சொல்லி வந்தோம்.

கேட்டார்கள். வைத்தியர் சோதித்துப் பார்த்துக் குழாயை எடுத்துவிட்டார். சலப்பை தன் வேலையைத் தானே செய்கிறதென்று உறுதி செய்துகொண்ட பின்னரே வீட்டுக்கு அனுப்பினார். இப்போது இரவில் இருமுறை பெரியவரைக் கைபிடித்து மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. மகனுக்குத் தூக்கம் குறைந்திருக்கிறது. காய்ச்சல் இதுவரை வரவில்லை. இனியும் வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால் கிருமி ஏறிவரும் அந்தப் பாதை அடைபட்டுவிட்டது.

எல்லோருக்கும் குழாயை எடுத்துவிட முடியாது. முள்ளந்தண்டு அடிபட்டவர்கள், சிறுநீர் முற்றாக அடைபட்டவர்கள் முதலியோருக்கு அதுவே உயிர்த்துணை. அவர்களுக்காக நல்ல பூச்சுகளைத் தேடுவோர் வாழ்க என்று வாழ்த்துவோம். அவர்களுடைய முயற்சி ஒருநாள் வெல்லும். அது வெல்லும்வரையும், வென்ற பின்னரும், கை கழுவுவதற்கும், "இது இன்னும் வேண்டுமா?" என்று வைத்தியரிடம் பணிவோடு கேட்பதற்கும் ஈடாக ஒன்றுமில்லை. இரண்டுக்கும் விலை கிடையாது.

சென்ற கிழமை அவ்வீட்டு வாயிலிற் பெரியவரைக் கண்டோம். ஊன்றுகோலை ஊன்றியபடி, மிளகு காயும் பாயைக் கோழி கிளறாமற் பார்த்துக்கொண்டிருந்தார். "மாஸ்டர், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்" என்றார். மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்தார். காப்பு அவர் கையில் இருந்தது.